ஒரே வீடு, ஐந்து விலை: பேங்க் மதிப்பு ஏன் குறைகிறது, கிராண்டில் எதைப் பார்ப்பது?

260,000 மலேசிய வெள்ளிக்குப் பேசி முடித்த வீடு. புக்கிங் பணம் கட்டியாகிவிட்டது. இரண்டு வாரம் கழித்து பேங்க்கிலிருந்து போன்: "எங்கள் கணக்கில் வீட்டின் மதிப்பு 230,000தான்." வாங்குகிறவர் ஏஜென்ட் ஏமாற்றிவிட்டார் என்கிறார், விற்கிறவர் பேங்க்காரனுக்கு ஊர் நிலவரம் தெரியவில்லை என்கிறார், ஏஜென்ட் வேறு பேங்க் பார்க்கலாம் என்கிறார். பெரும்பாலும் மூன்று பேர் சொல்வதும் சரியில்லை. பேராக்கின் சுங்கை சிப்புட் மாதிரி சுற்றிலும் செம்பனையும் ரப்பரும் சூழ்ந்த தோட்டத்து ஊர்களில் இந்தக் குழப்பம் பெரிய பட்டணத்தைவிட அதிகமாகவே வரும். அது ஏன் என்று அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

ஒரே வீடு, ஐந்து எண்

வீட்டுக்கு ஒரு விலைதான் உண்டு என்று நினைப்பதில்தான் குழப்பமே தொடங்குகிறது. ஒரே வீட்டுக்கு ஐந்து எண் இருக்கலாம். ஒவ்வொன்றையும் ஒவ்வொருவர், அவரவர் தேவைக்குப் போடுகிறார்.

1. கேட்கும் விலை. விற்கிறவரின் ஆசை. விளம்பரத்தில் வருவதும், பக்கத்து வீட்டுக்காரர் "போன மாதம் 280,000 கேட்டாங்க" என்று சொல்வதும் இதுதான். கேட்டதெல்லாம் கிடைத்ததாகாது.

2. பேசிய விலை. வாங்கல் விற்பனை ஒப்பந்தத்தில், அதாவது எஸ்.பி.ஏ.வில் எழுதப்படுவது.

3. பேங்க் மதிப்பு. பேங்க்கின் பட்டியலில் உள்ள பதிவுபெற்ற வேல்யூவர், அதாவது மதிப்பீட்டாளர், தருவது. நாளைக்குத் தவணை நின்றுபோனால் இந்த வீட்டை விற்றுக் கடனை மீட்க முடியுமா என்பதுதான் பேங்க்கின் கவலை. உங்கள் வீட்டுக் கனவு அந்தக் கணக்கில் இல்லை.

4. முத்திரை வரி மதிப்பு. வீடு கைமாறும்போது, நிதியமைச்சின் கீழ் இருக்கும் ஜே.பி.பி.எச். என்ற மதிப்பீட்டு இலாகா சந்தை மதிப்பைச் சொல்லும். பேசிய விலை, இலாகா மதிப்பு இரண்டில் எது அதிகமோ அதன் மேல்தான் வரி. பேங்க் 230,000 என்ற அதே வீட்டுக்கு இலாகா 280,000 என்று சொல்வதும் நடக்கிற காரியம்தான்.

5. நகராட்சி மதிப்பு. சுக்காய் பிந்து என்ற வீட்டு வரி நோட்டீஸில் இருப்பது. தீபகற்பத்தின் பெரும்பாலான மாநிலங்களில் இது வீட்டின் விலையே கிடையாது, வருடத்துக்கு எவ்வளவு வாடகை வரும் என்ற உத்தேசம். சட்டப்படி ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டிய பட்டியல், தள்ளிப்போவதும் உண்டு. இதை வைத்து விலை பேசாதீர்கள்.

வேல்யூவர் என்ன செய்கிறார்?

சந்தை மதிப்பு என்பதற்கு அவர்கள் தொழிலில் ஒரு விளக்கம் இருக்கிறது: வாங்க விருப்பமுள்ளவரும் விற்க விருப்பமுள்ளவரும், யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், விவரம் தெரிந்து, சந்தையில் போதுமான காலம் வைத்த பிறகு, அந்தக் குறிப்பிட்ட தேதியில் ஒத்துக்கொள்ளக்கூடிய தொகை. அண்ணன் தம்பிக்கு விட்டுக்கொடுத்த விலை இதில் சேராது. லெலோங்கில், அதாவது ஏலத்தில், போன விலையும் அப்படியே சேராது, ஆனால் அதே தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) இரண்டு மூன்று வீடு லெலோங்குக்கு வந்திருந்தால் வேல்யூவரின் கண் அந்தப் பக்கம் போகத்தான் செய்யும்.

வீடுகளுக்குப் பெரும்பாலும் ஒப்பீட்டு முறைதான். அதே தாமானிலோ பக்கத்துத் தாமானிலோ அண்மையில் உண்மையாகவே விற்றுப்போன மூன்று நான்கு வீடுகளை எடுத்து, நிலத்தின் அளவு, மூலைவீடா நடுவீடா, வயது, நிலைமை, கிராண்டின் (நில உரிமைப் பத்திரத்தின்) வகை ஆகியவற்றுக்குக் கூட்டிக் கழித்து ஒரு தொகைக்கு வருவார்கள். தோட்டத்து ஊரின் சிக்கல் இங்கேதான் இருக்கிறது. பெரிய பட்டணத்தில் ஒரே தாமானில் வருடத்துக்கு இருபது முப்பது வீடு கைமாறலாம். இங்கே ஒரு லோரோங்கில் (சந்தில்) மூன்று வருடமாக ஒரே ஒரு வீடுதான் விற்றிருக்கும், அதுவும் பிள்ளைகள் ஷா ஆலமுக்கோ ஜொகூருக்கோ போய்விட்டதால் வந்த விலைக்குக் கொடுத்ததாக இருக்கும். ஒப்பிட ஆதாரம் குறைந்தால் வேல்யூவர் கையைக் கட்டிக்கொண்டுதான் எழுதுவார், எண் தாழ்ந்துதான் வரும். "ஐவே வரப்போகுது", "யுனிவர்சிட்டி கட்டப்போறாங்க" போன்ற காப்பிக்கடைச் செய்திகளுக்கு அவருடைய அறிக்கையில் இடமில்லை.

அவர் வீட்டுக்கு வரும்போது கவனித்துப் பாருங்கள். பெரும்பாலும் அரை மணி நேரம்கூட ஆகாது. முன்பக்கம் ஒரு படம், ஹால், அறைகள், சமையலறை, குளியலறை, பின்சந்து, பிறகு அளவெடுக்கும் லேசர். பரப்பை இரண்டாகப் பிரிப்பார்: ஆள் புழங்கும் அறைகளெல்லாம் பிரதானப் பரப்பு, கார் நிறுத்துமிடம், பின்முற்றம் எல்லாம் துணைப் பரப்பு. துணைப் பரப்புக்குச் சதுர அடி விலை குறைவு. பின்னால் கூரை போட்டு இழுத்த சமையலறைக்கு நகராட்சி அனுமதித்த பிளான் இல்லையென்றால், அதை அவர் கணக்கிலேயே சேர்க்காமல் போகலாம். முப்பதாயிரம் போட்டுச் செய்த கேபினட்டும், சுவாமி அறையில் பதித்த கிரானைட்டும் விலையை முப்பதாயிரம் ஏற்றாது. மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் நீங்கள் ரசித்துப் போட்ட டைல்ஸை அடுத்தவன் உடைத்துவிட்டு வேறு போடுவான் என்பது வேல்யூவருக்குத் தெரியும்.

30,000 வெள்ளி யார் தலையில்?

முதல் இரண்டு வீட்டுக்கு பேங்க் பொதுவாக 90 விழுக்காடு வரை கடன் தரும், மூன்றாவது வீட்டிலிருந்து 70 விழுக்காடுதான். எதில் 90 விழுக்காடு? பேசிய விலை, பேங்க் மதிப்பு இரண்டில் எது குறைவோ அதில். முத்திரை வரிக்கு அதிகமானது, கடனுக்குக் குறைவானது. இரண்டு பக்கமும் வாங்குகிறவருக்குத்தான் அடி.

நம் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 260,000-க்கு 90 விழுக்காடு என்றால் 234,000 கடன், கையிலிருந்து 26,000. பேங்க் 230,000 என்று மதிப்பிட்டதால் கடன் 207,000 ஆகிறது, கையிலிருந்து போட வேண்டியது 53,000. சேமிப்பு ஒரே போனில் இரண்டு மடங்காக வேண்டியிருக்கிறது. இதற்கு மேல் சில்லறைச் செலவு என்று சொல்லப்படும், சில்லறையாக இல்லாத செலவுகள்:

1. வீடு பெயர் மாறுவதற்கான முத்திரை வரி. முதல் 100,000-க்கு 1 விழுக்காடு, அடுத்து 500,000 வரை 2, அதற்கு மேல் பத்து லட்சம் வரை 3, அதையும் தாண்டினால் 4. நம் 260,000-க்கு 1,000-மும் 3,200-மும் சேர்ந்து 4,200. இலாகா 280,000 என்று சொன்னால் 4,600. ஏற்கவில்லை என்றால் 30 நாளுக்குள் ஆட்சேபம் எழுதலாம். முதல் வீடு வாங்கும் மலேசியக் குடிமக்களுக்கு 500,000 வரை விலக்கு 2021 முதல் இருக்கிறது, உங்கள் ஒப்பந்தத் தேதிக்கு அது பொருந்துமா என்று லோயரிடம் கேட்டுவிடுங்கள்.

2. கடன் பத்திரத்துக்கு 0.5 விழுக்காடு முத்திரை. 207,000-க்கு 1,035.

3. லோயர் கட்டணம். 2023-ல் மாற்றிய அட்டவணைப்படி முதல் 500,000-க்கு 1.25 விழுக்காடு. ஒப்பந்தத்துக்கு 3,250, கடன் பத்திரத்துக்குத் தனியாக ஏறக்குறைய 2,590, சேவை வரி வேறு.

4. வேல்யூவர் கட்டணம். முதல் 100,000-க்கு 0.25 விழுக்காடு, மிச்சத்துக்கு 0.2. 230,000-க்கு 510 வெள்ளி, அதன் மேல் வரி.

இந்த இடத்தில் யாராவது வந்து "மார்க்-அப் பண்ணிடலாம்" என்பார்கள். உண்மை விலை 230,000, எஸ்.பி.ஏ.வில் 260,000 என்று எழுதி, அந்த மதிப்புக்கு ஒத்துக்கொள்ளும் பேங்க்கைத் தேடி, கூடுதல் கடனை டெப்பாசிட்டாகக் காட்டி, கைக்காசு போடாமல் வாங்குவது. சிலர் மிச்சப் பணத்தில் கார்கூட வாங்கிவிடுகிறார்கள். பேங்க்குக்குப் பொய் விலை காட்டுவது மோசடி, அது ஒருபக்கம். கணக்காகப் பார்த்தாலும் கெடுதல்தான்: பொய் விலைக்கு முத்திரை வரி, பொய் விலைக்கு லோயர் கட்டணம், விற்கிறவருக்கோ வராத லாபத்துக்கு வரி, முப்பத்தைந்து வருடத்துக்கு இல்லாத மதிப்பின் மேல் வட்டி. பிறகு விற்கப் போகும்போது கடன் பாக்கி வீட்டின் விலையைவிட அதிகமாக நிற்கும்.

இதற்கு முன்னேற்பாடு ஒன்று உண்டு, செலவும் கிடையாது. புக்கிங் பணம் கட்டுவதற்கு முன், வீட்டு முகவரியை இரண்டு மூன்று பேங்க் அதிகாரிகளிடம் கொடுத்து வாய்மொழி மதிப்பு கேளுங்கள். அவர்கள் வேல்யூவரிடம் கேட்டு உத்தேசத் தொகை சொல்வார்கள். புக்கிங் பாரத்தில் "கடன் கிடைக்காவிட்டாலோ மதிப்பு குறைந்தாலோ பணம் திரும்பத் தரப்படும்" என்று எழுதி வாங்குங்கள். வாயால் சொன்னது செல்லாது. அப்புறம், ஏஜென்ட் கழுத்தில் தொங்கும் அட்டையில் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாதவரிடம் பணம் கொடுக்காதீர்கள். ஜே.பி.பி.எச்.சின் நாபிக் தளத்தில் உண்மையாக நடந்த விற்பனை விலைகள் தாமான் பெயரோடு கிடைக்கின்றன, விளம்பர விலையைவிட அது ஆயிரம் மடங்கு மேல்.

சுவருக்கு முன் கிராண்ட்

என்னைக் கேட்டால் வீட்டைப் போய்ப் பார்ப்பதற்கு முன்பே கிராண்டைப் பார்க்க வேண்டும். ஒழுகும் கூரையைப் பணம் போட்டு மாற்றலாம், கிராண்டில் உள்ள வரியை அப்படி மாற்ற முடியாது. நில அலுவலகத்தில் சிறு கட்டணம் கட்டி எடுக்கும் 'சாரியான்' என்ற தேடல் தாளில் எல்லாம் இருக்கும். பலர் அதில் உரிமையாளர் பெயரை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறார்கள். கீழே இருப்பதையும் படியுங்கள்.

முதலில், நிலம் நிரந்தர உரிமையா, மாநிலக் குத்தகையா? குத்தகை என்றால் எத்தனை வருடம் பாக்கி? 99 வருடக் குத்தகையில் 40 வருடம்தான் மிச்சம் என்றால் விலையும் குறையும், பேங்க் தரும் கடன் காலமும் சுருங்கும். குத்தகை நிலத்தைக் கைமாற்ற மாநில அரசின் ஒப்புதலும் பொதுவாக வேண்டும், அதற்கே மாதக்கணக்கில் ஆகலாம்.

அடுத்து 'செக்காத்தான் கெபெந்திஙான்' என்ற தலைப்பு, அதாவது கைமாற்றக் கட்டுப்பாடு. மலிவு விலை வீடுகளில் இது அடிக்கடி வரும். 1982 முதல் 25,000 வெள்ளி என்று விலை கட்டிவைத்து விற்ற அந்த வரிசை வீடுகள் இன்று பலமடங்கு விலைக்குப் பேசப்படுகின்றன, ஆனால் மாநில ஒப்புதல் இல்லாமல் பெயர் மாற்ற முடியாது என்ற ஒரு வரி அங்கே உட்கார்ந்திருக்கும். மலாய் ரிசர்வ் நிலம் என்றால் பேச்சையே நிறுத்திக்கொள்ளலாம், மலாய்க்காரர் அல்லாதவர் பெயருக்கு அது மாறாது. யாராவது கவியட் என்ற தடைப் பதிவு போட்டிருக்கிறார்களா என்பதும் அதே தாளில் தெரியும். தனியார் கவியட் ஆறு வருடம் வரை நிற்கும், அதுவரை பெயர் மாற்றம் நகராது.

பிறகு நிலத்தின் வகை. கட்டடமா, 'பெர்த்தானியான்' என்ற விவசாயமா? தோட்டத்து ஊர்க்காரர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான், இதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 1950-களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போனபோது, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக வெட்டி விற்றார்கள். அந்தத் துண்டாடலில் வேலையிழந்த தொழிலாளர்களுக்காகத்தான் சுங்கை சிப்புட்காரரான துன் வீ.தி. சம்பந்தன் 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். துண்டான நிலங்கள் பல இன்றும் விவசாய கிராண்டோடு, ஒரே கிராண்டில் பத்து இருபது பெயரோடு கிடக்கின்றன. தேடல் தாளில் உரிமையாளர் பெயருக்குப் பக்கத்தில் 1/20 என்று இருந்தால், நீங்கள் வாங்குவது வேலி போட்டுக் காட்டிய அந்த மூலை நிலத்தை அல்ல. முழு நிலத்தின் இருபதில் ஒரு பங்கைத்தான். எந்தப் பங்கு எந்த மூலையில் என்பது பங்காளிகளின் வாய்ப்பேச்சு. அதன் மேல் வீடு கட்டியிருந்தாலும், விவசாய நிலத்தில் அனுமதியில்லாத வீடு என்றுதான் பேங்க் பார்க்கும், கடன் கிடைப்பது கடினம். "அம்பதாயிரத்துக்கு நெலத்தோட வீடு" என்று வருவதில் பல இந்த ரகம்.

புதுக்கிராமங்களுக்கு வேறு கதை. 1948 ஜூன் 16-ல் சுங்கை சிப்புட்டில் மூன்று தோட்ட அதிகாரிகள் கொல்லப்பட்டதை அடுத்து கம்யூனிஸ்ட் போராளிகளுக்கு எதிரான அவசரகாலம் வந்தது, சிதறி வாழ்ந்தவர்களைக் கொண்டுவந்து புதுக்கிராமங்களில் குடியேற்றினார்கள். அங்கே பல வீடுகள் குத்தகை நிலத்தில், சில டீ.ஓ.எல். என்ற தற்காலிக அனுமதியில். டீ.ஓ.எல். அந்தந்த வருடக் கடைசியில் காலாவதியாகும், இன்னொருவருக்கு மாற்றவும் முடியாது. ஐம்பது வருடம் குடியிருந்தாலும் அதை விற்பது என்பது சட்டத்தில் இல்லை, என்னதான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாலும். தோட்டத்து லயமும் அப்படித்தான், அது முதலாளியின் நிலத்தில் உள்ள வீடு.

இன்னொன்று, கிராண்ட் இன்னும் இறந்துபோன அப்பா பெயரிலேயே இருக்கும் வீடு. மூத்த மகன் விலை பேசுவார், தங்கை கணவர் ஒத்துக்கொள்ள மாட்டார். நில அலுவலகத்தில் பூசாக்கா என்ற வாரிசுச் சொத்துப் பங்கீடு முடிந்து வாரிசுகள் பெயர் ஏறாத வரை, அல்லது நீதிமன்றம் நியமித்த நிர்வாகி இல்லாத வரை, விற்கும் அதிகாரம் அந்த வீட்டில் யாருக்கும் கிடையாது. முன்பணம் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

வீட்டுக்குள் பார்ப்பது

கிராண்ட் சரியாக இருந்தால் வீட்டுக்குப் போங்கள். முடிந்தால் நல்ல மழை பெய்த மறுநாள். ஒருமுறை பகலில், ஒருமுறை இரவில்.

கதவு நிலையைக் கீழிருந்து மேலாக விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போங்கள். கெட்டியான சத்தம் திடீரென்று பொந்து மாதிரி மாறினால் உள்ளே கரையான் தின்றிருக்கிறது, பெயின்ட் மட்டும்தான் நிற்கிறது. செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய கடைசி வரிசை வீடுகளில் இதைக் கட்டாயம் செய்யுங்கள். கூரைத் தட்டியில் காப்பிக்கறை மாதிரி வட்டம் இருந்தால் ஒழுகல். புதிதாக ஒரே ஒரு தட்டி மட்டும் வெள்ளையாக இருந்தால் இன்னும் சந்தேகப்படுங்கள். சுவரில் தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் நேர்கோடாகக் கறை போனால் வெள்ளம் வந்த வீடு, பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் கேட்டால் எந்த வருடம் என்றுகூடச் சொல்லிவிடுவார். பழைய வீடுகளில் கூரை ஆஸ்பெஸ்டாஸ் தகடாக இருக்கலாம், அதை உடைத்து எடுப்பதற்கே தனிச் செலவு. மின்பெட்டியைத் திறந்து பாருங்கள், ஒயரிங் வீட்டோடு பிறந்ததாக இருந்தால் முழுதும் மாற்ற வேண்டியிருக்கும். கழிவுநீர்த் தொட்டி எங்கே இருக்கிறது, நீட்டிக் கட்டிய சமையலறை அதன் மேலேயே நிற்கிறதா என்பதையும் கேளுங்கள். 2007 ஏப்ரலுக்குப் பிறகு முடிந்த வீடுகளுக்கு சி.சி.சி., அதற்கு முன் சி.எப். என்ற குடிபுகும் சான்றிதழ் இருக்க வேண்டும். விலை குறைக்கக் கேட்கும்போது "வீடு பழசு" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லாமல், ஒயரிங் மாற்ற இவ்வளவு, கூரைக்கு இவ்வளவு என்று கான்ட்ராக்டர் எழுதிக் கொடுத்த தாளை நீட்டுங்கள்.

விற்கிறவர் பக்கம்

விற்கிறவரும் விலை சொல்வதற்கு முன் அதே வாய்மொழி மதிப்பைக் கேட்டு வைத்துக்கொள்ளலாம். அதைவிட மிக உயரத்தில் விலை வைத்தால், வருகிறவர் எல்லாம் கடன் கிடைக்காமல் திரும்பிப் போவார்கள், வீடு மாதக்கணக்கில் விளம்பரத்தில் தொங்கும். நீட்டிக் கட்டியதற்கு நகராட்சி பிளான் இருந்தால் வேல்யூவர் வரும்போது கையில் கொடுங்கள், இந்த ஒரு தாள் புது பெயின்ட்டைவிட அதிகம் பேசும்.

அடுத்தது லாப வரி. குடிமக்களுக்கு மூன்று வருடத்துக்குள் விற்றால் லாபத்தில் 30 விழுக்காடு, நான்காம் வருடம் 20, ஐந்தாம் வருடம் 15, ஆறாம் வருடத்திலிருந்து 2022 முதல் வரி இல்லை. வருடம் எண்ணப்படுவது பொதுவாக ஒப்பந்தத் தேதிக்கு ஒப்பந்தத் தேதி, சாவி கொடுத்த நாளை வைத்து அல்ல. அதனால் ஐந்து வருடம் முடிய இரண்டு மாதம் இருக்கும்போது கையெழுத்துப் போடுகிறவர் இரண்டு மாத அவசரத்துக்கு வரி கட்டுகிறார்.

நான்காம் வருடத்தில் விற்று 60,000 லாபம் என்று வைத்துக்கொள்வோம். 10,000 வெள்ளி அல்லது லாபத்தில் 10 விழுக்காடு, எது அதிகமோ அது கழியும். மீதி 50,000-க்கு 20 விழுக்காடு, ஆக 10,000 வரி. வாங்குகிறவரின் லோயர் விலையில் 3 விழுக்காட்டை, நம் 260,000-க்கு 7,800 வெள்ளியை, நிறுத்தி வைத்து 60 நாளுக்குள் வருமான வரி வாரியத்துக்குக் கட்டுவார். அவர் பணத்தைப் பிடித்து வைத்துக்கொண்டார் என்று சண்டைக்குப் போக வேண்டாம், அது சட்டம். மிச்சம் 2,200-ஐ நீங்கள் கட்ட வேண்டும். குடியிருந்த வீட்டுக்கு ஆயுளில் ஒரே ஒருமுறை முழு விலக்கும் கேட்கலாம். பத்தாயிரத்துக்கு அதைச் செலவழிப்பதா, பிறகு ஈப்போவில் வாங்கப்போகும் பெரிய வீட்டுக்கு வைத்துக்கொள்வதா என்பதைக் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே லோயரிடம் கேட்டுவிடுங்கள். ஒருமுறை எழுதிக் கொடுத்தால் திரும்பப் பெற முடியாது.